பதினோராவது மாப்பிள்ளையும் நகராத வண்டியும்

கொஞ்சம் உள்ள தள்ளி உக்காருங்க தம்பி. இடது காலை நீட்டித்தான் வெக்கணும் எனக்கு, உள்ள இரும்புத் தகடு இருக்கு. ஆங், போதும்.

பாத்தீங்க இல்ல, வெள்ளை வேட்டி சட்டையில ஒருத்தன் நடு மலையில, பன்னெண்டாவது கொண்டை ஊசி வளைவுல நின்னு பஸ்ஸுக்குக் கை காட்டறானேன்னு. என் பொண்ணுதான் இறக்கி விட்டா. ஆமா, என் சொந்தப் பொண்ணு, என் சொந்தக் கார்ல இருந்து. கோவத்துல இல்ல. சிரிச்சுக்கிட்டே கதவைத் திறந்து, "பாத்து இறங்குங்கப்பா, பின்னாலயே பஸ் வரும்"னு கை குடுத்து இறக்கி விட்டா. தை மாசம் அவளுக்குக் கல்யாணம். எனக்கு இப்ப சிரிக்கறதா அழறதான்னே தெரியல, யார்கிட்டயாவது சொல்லியாகணும். அடிவாரம் போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும். கேளுங்க.

என் பேரு பழனியாண்டி. சேலம் அம்மாபேட்டை. கரண்ட் ஆபீஸ்ல லைன்மேனா சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டரா ரிட்டையர் ஆனவன். முப்பத்தி நாலு வருஷ சர்வீஸ். எங்க ஏரியாவுல எந்த வீட்டுல ஃப்யூஸ் போனாலும் முதல்ல என் பேரைத்தான் சொல்லுவாங்க. கம்பத்துல இருந்து விழுந்ததுல இந்தக் கால் இப்படி ஆச்சு. கிளட்ச் மிதிக்க முடியாது. அதனாலதான் ஆட்டோமேட்டிக் வண்டி. இதே ஏற்காட்டுல ஒரு எஸ்டேட் மேனேஜர் வெச்சிருந்தார், அவர்கிட்ட இருந்து வாங்கினேன். பதினாலு வருஷமா என்கிட்ட இருக்கு. அதுக்கு வயசு பத்தொம்பது.

நீங்க ஆட்டோமேட்டிக் ஓட்டியிருக்கீங்களா? இல்லையா. சரி, சொல்றேன். கிளட்ச் கிடையாது. ரெண்டே பெடல்தான், வலது கால் மட்டும் போதும். நடுவுல ஒரு கியர் குச்சி. மேல 'பி'ன்னு போட்டா வண்டி பூட்டிக்கும். 'ஆர்'ன்னா பின்னால, 'என்'ன்னா நியூட்ரல், 'டி'ன்னா முன்னால. அதுக்கும் கீழ 'ரெண்டு'ன்னு ஒண்ணு இருக்கு, மலை இறங்கறப்ப போடறது. இவ்வளவுதான், யார் வேணா ஓட்டலாம்னு நினைப்பீங்க. அங்கதான் எல்லாரும் ஏமாறுவாங்க. வயசான கியர்பாக்ஸ் தம்பி அது. அதோட மனசு அறிஞ்சு நடக்கணும். ரிவர்ஸ் போட்டா உடனே போகாது. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணணும். மூணுல லேசா ஒரு இடி இடிக்கும், அப்புறம் போகும். ரெண்டுலயே அவசரப்பட்டு ஆக்சிலேட்டரைக் குடுத்தீங்கன்னா உள்ள இருக்கற தட்டெல்லாம் தேஞ்சு போயிடும். கியர் ஆயில் நன்னாரி சர்பத் மாதிரி செவசெவன்னு இருக்கணும். கறுத்துப் போச்சு, தீஞ்ச வாசம் வருதுன்னா கதை முடிஞ்சுது. நான் வாராவாரம் அளவுக் குச்சியை எடுத்து மோந்து பாப்பேன். என் சம்சாரம் விசாலாட்சி சொல்லுவா, கல்யாணம் ஆன நாள்ல இருந்து என் தலையில இருக்கற பூவை ஒரு நாளாவது இப்படி மோந்து பாத்திருப்பீங்களான்னு. பூ வேற, ஆயில் வேற. பூவை நாளைக்கு வேற வாங்கிக்கலாம். அவளுக்கு இது புரியாது.

பொண்ணு பேரு சுகந்தி. ஒரே பொண்ணு. பாலிடெக்னிக்ல எலக்ட்ரிகல் லெக்சரர். ஆறு வயசுலயே ஃப்யூஸ் கம்பி கட்டுவா, அவ்வளவு சூட்டிகை. கார் லைசென்ஸ்கூட வாங்கி வெச்சிருந்தா, ஆனா வண்டியை நான் குடுத்ததில்ல. பொம்பளப் புள்ளைங்கறதுக்காக இல்ல தம்பி, கியர்பாக்ஸ் தாங்காது. முப்பத்தோரு வயசு வரைக்கும் அவளுக்குக் கல்யாணம் அமையல. என்ன காரணம்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. பத்துப் பசங்க வந்து பாத்தாங்க. ஒருத்தனும் சரியில்ல.

நான் யாரையும் சம்பளம் கேக்க மாட்டேன். சொத்து கேக்க மாட்டேன். பஜ்ஜி காபி சாப்பிட்டு முடிச்சதும் பையனை மட்டும், வாங்க ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்னு கூட்டிட்டுப் போயி, ஸ்டியரிங்கைக் கையில குடுத்துருவேன். அதுல தெரிஞ்சு போயிடும் ஆள் எப்படின்னு. முதல்ல வந்தவன் சாஃப்ட்வேர் கம்பெனி. பிரேக்கை கிளட்ச்னு நினைச்சு இடது காலால ஓங்கி மிதிச்சான். நான் போய் முன் கண்ணாடியில முட்டினேன், நெத்தியில எலுமிச்சம்பழம் அளவு வீக்கம். இன்னொருத்தன் வண்டி நிக்கறதுக்கு முன்னாலயே 'பி'க்குத் தள்ளினான், உள்ள கடகடன்னு பல்லு உடையற சத்தம். பேங்க்காரன் ஒருத்தன், நல்ல குடும்பம், இதே ரோட்டுல இறங்கறப்ப நியூட்ரல் போட்டான். ஏன்யான்னு கேட்டா பெட்ரோல் மிச்சமாகுமாம். இந்த இறக்கத்துல நியூட்ரல். ஏழாவதா வந்தவன் நல்லாத்தான் ஓட்டினான், குறையே சொல்ல முடியாது. இறங்கறப்ப, "அங்கிள், இதை எடைக்குப் போட்டுட்டுப் புதுசு எடுக்கலாமே"ன்னான். அவனுக்குக் காபிகூடக் குடுக்காம அனுப்பியிருக்கணும்.

வண்டியையே இப்படி வெச்சுக்கறவன் என் பொண்ணை எப்படி வெச்சுக்குவான்? நீங்களே சொல்லுங்க. தலையாட்டறீங்க. ஆமாந்தானே.

பத்தாவது பையன் போனதுக்கப்புறம் சுகந்தி ரெண்டு நாள் என்கிட்ட பேசல. மூணாம் நாள் வந்து, "அப்பா, இனிமே யார் வந்தாலும் காரை எடுக்காதீங்க"ன்னா. நான் சிரிச்சுட்டேன். உன் நல்லதுக்குத்தானேம்மான்னேன். அவ திரும்பி உள்ள போயிட்டா. விசாலாட்சிதான் அடுப்படியில இருந்து வந்து சொன்னா, அடுத்த வரனும் தட்டிப் போச்சுன்னா இனி யார் முன்னாலயும் வந்து நிக்க மாட்டேன்னு அவ சொல்லிட்டா, கேட்டுக்கங்கன்னு. அன்னிக்கு எனக்கு நெஜமாவே பயம் வந்துருச்சு. சோறு இறங்கல. அதனால அடுத்து வர்ற பையனுக்கு டெஸ்ட்டைக் கொஞ்சம் சுலபமா வெக்கலாம்னு முடிவு பண்ணினேன். மலை வேண்டாம், பைபாஸ் வரைக்கும் போதும்னு.

இது பத்தாவது வளைவுதானே? ஆமா, போர்டு தெரியுது.

பதினோராவது பையன் பேரு பூபதி. ராசிபுரம் பக்கம் மாட்டு டாக்டர். தரகர் சொன்னப்பவே எனக்குக் கொஞ்சம் இளக்காரம்தான், மாட்டுக்கு ஊசி போடறவருக்கு ஆட்டோமேட்டிக்கைப் பத்தி என்ன தெரியப் போகுதுன்னு. ஞாயித்துக்கிழமை காலையில பத்தரை மணிக்கு வந்தாங்க. பையன், அப்பா, அம்மா, தாய்மாமன், நாலே பேர். அந்த மாமனோட கார்ல வந்தாங்க. எங்க வீடு முட்டுச்சந்துல கடைசி வீடு. ஒரு கார் போனா பக்கத்துல சைக்கிள்தான் போகலாம், அவ்வளவுதான் அகலம். அவங்க கார் உள்ள போயி வாசல்ல நின்னுது. தெருமுனையில நின்ன என் வண்டியை நான் ரிவர்ஸ்லயே கொண்டு வந்து அவங்களுக்குப் பின்னால நிறுத்தினேன். மூஞ்சி ரோட்டைப் பாத்து நின்னாதான் டெஸ்ட்டுக்கு நேரா எடுத்துட்டுப் போக வசதி. 'பி'ல போட்டேன், பூட்டினேன், வந்துட்டேன்.

சுகந்தி அன்னிக்கு மாம்பழக் கலர் புடவை. தலைக்கு வாங்கின மல்லிப்பூவைக் கார்லயே மறந்துட்டேன்னு என்கிட்ட சாவியை வாங்கிட்டுப் போனா. பூ எடுக்க அஞ்சு நிமிஷம் ஆச்சு அவளுக்கு. பாவம், படபடப்பு. திரும்பி வந்தப்ப மூஞ்சியெல்லாம் வேர்வை, ஒரு கையை மூடியே வெச்சிருந்தா. அப்புறம் தட்டை எடுத்துட்டு வந்து எல்லாருக்கும் கேசரி குடுத்தா. பையனோட அம்மா ருக்மணி, வாயைத் திறந்து அதிகம் பேசல. சுகந்தியைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க, சுவத்துல இருந்த கடிகாரத்தைப் பாத்தாங்க. கடைசியில எழுந்து, "போய்க் கலந்துக்கிட்டு சொல்லி அனுப்பறோம்"னாங்க.

உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா தம்பி? ஆகலையா. அப்ப தெரிஞ்சு வெச்சுக்கங்க. சொல்லி அனுப்பறோம்னா வேண்டாம்னு அர்த்தம்.

விசாலாட்சி மூஞ்சி செத்துப் போச்சு. நான் விடல. பையனை மட்டும் ஒரு அஞ்சு நிமிஷம் அனுப்புங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறோம்னு சாவியை எடுத்தேன். வண்டியில உக்காந்தேன், ஸ்டார்ட் பண்ணினேன், பிரேக்கை மிதிச்சு கியர் குச்சியை இழுத்தா, வரல. அசையல. 'பி'யிலயே கெட்டியா நிக்குது.

இதை நீங்க புரிஞ்சுக்கணும். இந்த வண்டியில பிரேக்கை மிதிச்சாதான் குச்சி விடுபடும். மிதிச்சதும் ஒரு கரண்ட் சிக்னல் போகும், பின்னால பிரேக் லைட் எரியும், அதே சிக்னல்ல இந்தப் பூட்டும் திறக்கும். லைட் எரியலைன்னா ஃப்யூஸ் போச்சுன்னு அர்த்தம். முப்பத்தி நாலு வருஷ சர்வீஸ், இதுகூடத் தெரியாதா? அதனால முதல் வேலையா பின்னால நின்ன சுகந்தியை, லைட் எரியுதாம்மான்னு கேட்டேன். அவ குனிஞ்சு பாத்துட்டு, "எரியுதுப்பா, நல்லாவே எரியுது"ன்னா. ரெண்டு தடவை கேட்டேன், ரெண்டு தடவையும் எரியுதுன்னா. ஆக, ஃப்யூஸ் கிடையாது. கியர்பாக்ஸ்லதான் கோளாறு. எனக்கு உயிர் போயிருச்சு.

அவசரத்துக்குன்னு அந்தக் குச்சி பக்கத்துல ஒரு சின்ன ஓட்டை இருக்கும். சாவியை விட்டு அமுக்கினா பூட்டு திறந்துக்கும். ஆனா ஓட்டையே காணோம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வெச்ச சந்தனமும் குங்குமமும் அதுக்குள்ள இறங்கி, சிமெண்டு மாதிரி இறுகிப் போயிருக்கு. பூஜையில எப்பவும் விசாலாட்சி இப்படித்தான், அளவு தெரியாது. வெச்சது நான்தான், ஆனா சந்தனம் கரைச்சது அவதானே.

அதுக்குள்ள தெருவே கூடிருச்சு. நம்ம ஊர்ல வண்டி நின்னா எல்லாருக்கும் ஒரே வைத்தியம்தான் தெரியும், தள்ளறது. எட்டுப் பேர் வந்து முன்னால பின்னால கை வெச்சு, தம் கட்டித் தள்றாங்க. 'பி'ல நிக்கற வண்டியைத் தள்ள முடியுமா? உள்ள ஒரு இரும்புப் பல்லு சக்கரத்தைக் கடிச்சுப் பிடிச்சிருக்கும். இவங்க தள்ளத் தள்ள எனக்கு என் பல்லையே பிடுங்கற மாதிரி இருக்கு. தள்ளாதீங்கன்னு கத்தறேன், அவங்களுக்கு இன்னும் உற்சாகம் ஏறுது. மாவு மில்லுக்காரர், நாலு பேர் முன்பக்கத்தைத் தூக்குங்க, அப்படியே ஓரம் கட்டிடலாம்னார். நான் வண்டிக்கு முன்னால தரையில உக்காந்துட்டேன். இந்தக் காலை வெச்சுக்கிட்டு. புது வேட்டி.

அவங்க காரும் உள்ள மாட்டிக்கிச்சு பாருங்க. மாமன்காரர், ஆட்டோ பிடிச்சுப் போயிடலாம்னார். பொண்ணு பாக்கக் கார்ல வந்துட்டு ஆட்டோவுல திரும்பினா பாக்கறவங்க என்ன நினைப்பாங்கன்னு ருக்மணியம்மாவே வேண்டாம்னுட்டாங்க. அதுக்குள்ள மணி பன்னெண்டு, எமகண்டம் ஆரம்பிச்சுருச்சு. இனி ஒண்ணரை வரைக்கும் கிளம்ப முடியாது. எல்லாரும் மறுபடி வந்து அதே பாய்ல உக்காந்தோம். மின்விசிறி மட்டும் சுத்துது.

அப்பத்தான் பூபதி எழுந்தார். நான் ஒரு தடவை பாக்கட்டுங்களான்னு கேட்டார். மாட்டு டாக்டருக்கு என்ன தெரியும்னு நினைச்சாலும், அந்த நேரத்துல யார் பாத்தாலும் சரிங்கற நிலைமை எனக்கு. சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு வந்தார். வண்டியைத் தொடறதுக்கு முன்னால என்கிட்ட கேள்வி கேக்கறார். என்ன ஆயில் ஊத்தறீங்க, என்ன நிறம், சத்தம் எப்ப இருந்து, வெயில்ல நிக்குமா நிழல்ல நிக்குமா. ஒரு பசு மாட்டைப் பத்திக் கேக்கற மாதிரி அவ்வளவு அக்கறையா கேட்டார் தம்பி. பத்துப் பேர்ல ஒருத்தன்கூட என்கிட்ட இப்படிக் கேட்டதில்ல. எனக்குக் கண்ணு நிறைஞ்சுருச்சு.

அப்புறம் ஸ்டியரிங்குக்குக் கீழ தலையை விட்டு ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தார். சுகந்தி டார்ச் பிடிச்சா. ரொம்ப நேரம் அந்தப் பெட்டியையே பாத்தார். அப்புறம் தலையைத் தூக்கி அவளைப் பாத்தார். அவ வண்டிக் கூரையைப் பாத்தா. நான் எட்டிப் பாத்தேன், அவர் தலை மறைச்சுருச்சு. டப்புன்னு மூடியைப் போட்டுட்டு என் பக்கம் திரும்பி, "கொஞ்சம் சிக்கலான கேஸுங்க. எப்படியும் ரெண்டு மணி நேரம் ஆகும்"னார். எவ்வளவு நிதானம் பாருங்க. வேற ஒருத்தனா இருந்தா அஞ்சே நிமிஷத்துல எதையாவது பிடுங்கிப் போட்டுட்டுப் போயிருப்பான்.

ரெண்டு பேரும் வண்டிக்குள்ளயேதான் இருந்தாங்க. வெளிய நின்னா பேச்சுச் சத்தம் கேக்குது, அப்பப்ப சிரிப்பு. சுகந்தி அப்படிச் சிரிச்சு நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு. ரிப்பேர் பண்றப்ப சிரிக்கறது எனக்குப் பிடிக்காது, ஆனா அன்னிக்கு ஒண்ணும் சொல்லல.

வீட்டுக்குள்ள நிலைமை மோசம். பையனோட அப்பாவுக்குச் சர்க்கரை. காலையில மாத்திரை போட்டுட்டு வந்திருக்கார், கேசரியை அந்தம்மா ரெண்டு ஸ்பூனுக்கு மேல விடல. மணி பன்னெண்டே முக்கால் ஆச்சு, அவருக்குக் கை நடுங்குது, நெத்தி வேர்க்குது. அடுப்படியில இருந்து முருங்கைக்காய் சாம்பார் வாசம். விசாலாட்சி வந்து, இலை போடட்டுங்களான்னு கேட்டா. ருக்மணியம்மா, "தப்பா எடுத்துக்காதீங்க. சம்பந்தம் முடிவாகாம ஒரு வீட்டுல கை நனைக்கக் கூடாது, அது எங்க வழக்கம்"னாங்க. எங்க வழக்கமும் அதுதான், என்ன சொல்றது. பஜ்ஜி வரைக்கும் பரவாயில்ல, இலையில சோறுன்னா உறவு ஆயிருச்சுன்னு அர்த்தம். அந்தப் பெரியவர் நடுங்கற கையைத் தூக்கிக் காட்டி, அப்ப முடிவு பண்ணித் தொலைங்களேன்னார்.

அந்தம்மா விசாலாட்சியை நேராப் பாத்து, "ஒளிவு மறைவு இல்லாம கேக்கறேன். எங்க பையன் பதினோராவது ஆள்னு தரகர் சொன்னார். படிச்ச பொண்ணு, வேலை இருக்கு, லட்சணமா இருக்கா. பத்துப் பேர் வேண்டாம்னு போயிருக்காங்கன்னா, பொண்ணுகிட்ட என்ன குறை?"ன்னாங்க.

விசாலாட்சி முந்தானையை இடுப்புல செருகினா. முப்பத்தி மூணு வருஷத்துல அவ அப்படி நின்னு நான் பாத்ததில்ல.

"பொண்ணுகிட்ட ஒரு குறையும் இல்லீங்க. குறையெல்லாம் இந்த மனுஷன்கிட்ட. வர்ற பையனையெல்லாம் அந்தக் கார்ல ஏத்தி, பிரேக்கைத் தப்பா மிதிச்சான், கியரைத் தப்பாப் போட்டான்னு இவரே அனுப்பி விட்டுட்டார். பத்துப் பேர். என் பொண்ணு ஒருத்தரைக்கூட வேண்டாம்னு சொல்லல. அவளை யாரும் கேக்கவும் இல்ல."

எப்படி இருந்திருக்கும் எனக்கு? கூனிக் குறுகிப் போயிட்டேன். அவ்வளவு பேர் முன்னால அபாண்டமா ஒரு பழி. ருக்மணியம்மா என் பக்கம் திரும்பி, நெஜமாங்களான்னு கேட்டாங்க. நான் விளக்கமாச் சொன்னேன். இடது கால் கேஸ், கடகட கேஸ், எடைக்குப் போடச் சொன்ன கேஸ் எல்லாத்தையும் வரிசையாச் சொன்னேன். நியூட்ரல் போட்ட பேங்க்காரன் கதைக்கு வந்தப்ப அந்தம்மா வாயைப் பொத்திக்கிட்டாங்க. தோள் குலுங்குது. அழறாங்களோன்னு பயந்துட்டேன். சிரிக்கறாங்க. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிக்கறாங்க. "எங்க வீட்டுக்காரரும் இறக்கத்துல நியூட்ரல்தாங்க போடுவார், முப்பத்தஞ்சு வருஷமா"ன்னாங்க. அந்தப் பெரியவர் பசியில தலையை மட்டும் ஆட்டினார்.

இவ்வளவுதானா, நான் என்னமோ ஏதோன்னு நினைச்சேன்னு சொல்லிக்கிட்டே எழுந்து வாசலுக்குப் போனாங்க. வண்டி ஜன்னல்கிட்ட குனிஞ்சு, "ஏம்மா சுகந்தி, பத்துப் பேர்ல உன்னை யாரும் கேக்கலையாம். நான் கேக்கறேன். பூபதியை உனக்குப் பிடிச்சிருக்கா?"ன்னாங்க.

உள்ள டார்ச் அணைஞ்சுது. "பிடிச்சிருக்குங்க அத்தை"ன்னா.

அத்தைன்னுட்டா தம்பி. அத்தை. எனக்கு அந்த நிமிஷம் வண்டியும் ஞாபகம் இல்ல, கியரும் ஞாபகம் இல்ல. தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். எமகண்டம் முடியட்டும்னு பேச்சை மட்டும் அதோட நிறுத்திட்டு, மணி ஒண்ணரை அடிச்சதும் தட்டு மாத்திக்கிட்டாங்க, கை கழுவினாங்க, இலை போட்டாங்க. பெரியவர் முருங்கைக்காயை எலும்பு மாதிரி உறிஞ்சு சாப்பிட்டார். மாவு மில்லுக்காரர் உட்பட வண்டி தள்ளின எட்டுப் பேருக்கும் பாயசம்.

வண்டியா? சாப்பிட்டதும் பூபதி போனார், சுகந்தியும் கூடப் போனா, ரெண்டு நிமிஷம். குச்சி வெண்ணெய் மாதிரி இறங்குது. ஃப்யூஸ்தான் கொஞ்சம் பலவீனமா இருந்துதாம், வேற போட்டேன்னார். ஃப்யூஸ் ஏதுன்னு கேட்டா, சுகந்தி கையில ஒண்ணு வெச்சிருந்தாங்கன்னார். பாத்தீங்களா, பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கும் கையில ஒரு ஃப்யூஸ் வெச்சிருக்கா. வளர்ப்பு. லைட் எப்படி எரிஞ்சுதுன்னு எனக்கு ஒரு சின்ன சந்தேகம் இருந்துது. வெயில்ல எரியறதும் எரியாததும் ஒரே மாதிரிதான் தெரியும், பாவம், அவளைச் சொல்லிக் குத்தமில்ல.

ஏன் தம்பி சிரிக்கறீங்க? சிரிங்க, சிரிங்க. எல்லாருமே இந்த இடத்துல சிரிக்கறாங்க.

ஆனா பூபதிக்கு டெஸ்ட் வெக்கலையேன்னு ஒரு குறை எனக்கு. அதுக்கும் அவரே ஒரு வழி சொன்னார். மாமா, கியர் ஆயிலைச் சூடா இருக்கறப்பதான் அளவு பாக்கணும் இல்லீங்களா, வாராவாரம் நானும் சுகந்தியும் வண்டியைக் கொஞ்சம் ஓட்டிச் சூடு பண்ணிப் பாத்துட்டு வர்றோம்னார். ரொம்பச் சரி. இருபது கிலோமீட்டராவது ஓடினாதான் ஆயில் சூடு ஏறும். முதல் ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்குப் போனவங்க சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்தாங்க, ஒரு பை நிறைய பேரிக்காயோட. ஏற்காடு போனாதான் நல்லாச் சூடு ஏறுதாம். ஆறு வாரமா இப்படியே. ஆயில் துடைக்கக் குடுத்த துணி மட்டும் மடிச்சது மடிச்சபடி வெள்ளையா இருக்கு. துவைச்சே வெச்சுடறாங்க போல.

அளவுக் குச்சியைச் சரியாத்தான் பாக்கறாங்களான்னு நேர்ல ஒரு தடவை பாத்துடலாமேன்னு இன்னிக்கு நானும் வர்றேன்னு கிளம்பினேன். தெருமுனைக்குப் போய்ப் பாத்தா ஸ்டியரிங்ல சுகந்தி உக்காந்திருக்கா. பூபதி எனக்காக முன் சீட்டை விட்டுட்டுப் பின்னால உக்காந்திருக்கார். இறங்கும்மா, மாப்பிள்ளை ஓட்டட்டும்னேன். அவ இறங்கல.

"அவர் ஓட்ட மாட்டார்ப்பா. ஆறு வாரமா நான்தான் ஓட்டறேன். ஒரு தடவைகூட அவர் எனக்குச் சொல்லித் தரல."

எனக்குப் பகீர்னுது. சொல்லித் தராத ஆளைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு எப்படிம்மா அந்த மலை ஏறினேன்னு கேட்டேன்.

"அதனாலதாம்பா ஏறினேன்"னா.

வாயைத் திறக்காம வர்றதா இருந்தா வாங்க, ஒரு வார்த்தை பேசினாலும் இறக்கி விட்டுடுவேன்னு சொன்னா. ஒத்துக்கிட்டேன். நம்ப மாட்டீங்க தம்பி, இருபது வளைவும் ஏறினோம், நான் பேசல. கையை ரெண்டு தொடைக்கும் அடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஏரிக்கரையில சோளம் வாங்கிக் குடுத்தாங்க, அதைக் கடிச்சுக்கிட்டு இருந்ததால அங்கயும் பேசல. இறங்க ஆரம்பிச்சோம். இருபது, பத்தொம்பது, பதினெட்டு. பதிமூணு வரைக்கும் தாண்டிட்டேன். பன்னெண்டாவது வளைவுல எதிர்ல ஒரு லாரி. என்னையும் அறியாம வாயில இருந்து வந்துருச்சு. "ரெண்டுல போடு"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

லாரி போனதும் ஓரமா நிறுத்தினா. நிறுத்தறப்பத்தான் குச்சியைப் பாத்தேன். அது ஏற்கெனவே ரெண்டுலதான் இருந்துது.

இறங்கி ரோட்டோரம் நின்னேன். அவங்க கிளம்பினாங்க. பதினாலு வருஷமா அந்த வண்டியை நான் உள்ள உக்காந்துதான் பாத்திருக்கேன், அது ஓடறதை வெளிய நின்னு பாத்ததே இல்ல. என்ன அழகா இறங்குது தம்பி. அந்த இறக்கத்துல, அந்த வளைவுல, பின்னால சிவப்பு லைட் ஒரு தடவை, லேசா ஒரே ஒரு தடவை மினுங்குச்சு. பிரேக்கையே தொடாம, கியர்லயே பிடிச்சு, பால் செம்பைக் கையில எடுத்துட்டுப் போற மாதிரி கொண்டு போறா. என்னால அப்படி இறக்க முடியாது. இதை நான் விசாலாட்சிகிட்டகூடச் சொல்லப் போறதில்ல, உங்ககிட்ட சொல்றேன். முப்பத்தோரு வருஷம் கூடவே இருந்திருக்கேன், இவளுக்கு என்ன தெரியும்னே எனக்குத் தெரியல. வெக்கமா இருந்துது. அப்புறம் சிரிப்பு வந்துருச்சு. தனியா நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்தப்பத்தான் உங்க பஸ் வந்துது.

இதோ அடிவாரம். அங்க பாருங்க, புளியமரத்துக்குக் கீழ, அதுதான் என் வண்டி. எனக்காக நிக்கறாங்க. பூபதி முன் சீட்டுல இருந்து இறங்கறார் பாருங்க, என்னை உக்கார வெக்க. வேண்டாம், அவரே முன்னால இருக்கட்டும், நான் பின்னால உக்காந்துக்கறேன். அங்க இருந்தா கியர் கண்ணுக்குத் தெரியாது.

கொஞ்சம் காலை எடுத்துக்கங்க தம்பி, இறங்கறேன். இங்க இருந்து அம்மாபேட்டை பன்னெண்டு கிலோமீட்டர், எல்லாம் சமதளம்தான். பேசாம வந்துடுவேன்னுதான் நினைக்கறேன்.